கார்பன் ஃபுல் சஸ்பென்ஷன்: மெயின் பிவட் முடிந்தது, ராக்கர் பாக்கி

இது முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள கார்பன் மவுண்டன் சைக்கிள். ஃபிரேமோடு ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) சேரும் மூட்டுதான் மெயின் பிவட்; அதன் பேரிங் இரண்டையும் மாற்றியாயிற்று. சத்தம் நின்றுவிட்டது. ஷாக்கை அமுக்கும் இணைப்பான ராக்கர் லிங்க்கில் இன்னும் கை வைக்கவில்லை. ஆனால் செயின் பக்கத்து பேரிங் காட்டிய பிடிவாதத்தை இப்போதே எழுதி வைப்பது நல்லது. ஏற்காட்டுச் செம்மண்ணில் கார்பன் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இது என்றைக்காவது வரத்தான் போகிறது.

ஏற்றத்தில் உட்கார்ந்து மிதிக்கும்போது, வலது பெடல் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு 'கிறிக்'. கேட்டவுடன் எல்லோரும் பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைத்தான் சந்தேகிப்பார்கள். கார்பன் ஃபிரேம் உள்ளே வெறும் கூடு. வீணைக் குடம் மாதிரி எங்கே பிறந்த சத்தத்தையும் வேறெங்கோ கேட்க வைக்கும். மெயின் பிவட் செயின்ரிங்குக்கு நேர் பின்னால் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பு. சீட் போஸ்ட், பெடல், த்ரூ ஆக்ஸில் (பின் சக்கர அச்சு), ஹேங்கர் (டிரெய்லர் மாட்டும் துண்டு) நான்கையும் கழற்றித் துடைத்து மாட்டியும் சத்தம் போகவில்லை என்றால் பாட்டம் பிராக்கெட்டுக்குக் காசு செலவழிக்கும் முன் ஷாக்கைக் கழற்றிவிடுங்கள். பின் சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி, ஃபிரேமும் ஸ்விங் ஆர்மும் சேரும் இடுக்கில் விரல் நுனியை வையுங்கள். ஆட்டம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பிறகு சக்கரத்தையும் கழற்றிவிட்டு ஸ்விங் ஆர்மை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மணல் அரைபடுகிற மாதிரியோ, ஒரு இடத்தில் நின்று நின்று போகிற மாதிரியோ இருந்தால் பேரிங் முடிந்தது.

இந்த ஃபிரேமில் மெயின் பிவட்டுக்கு இரண்டு 6902: உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ. இடது பக்கம் சமர்த்தாக வந்தது. வலது பக்கம் சீலைத் தூக்கினால் துருவும் செம்மண்ணும் குழைந்த பழுப்புச் சேறு. பேரிங் உட்காரும், கார்பனுக்குள் ஒட்டிய அலுமினிய ஸ்லீவின் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பொடி. ஈரம் தங்கினால் கார்பனை ஒட்டியிருக்கும் அலுமினியம் இப்படித்தான் அரிக்கும். பைக் வாட்டர் சர்வீஸில் கொடுத்துப் பிரஷர் பம்ப்பால் அடிப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று: அந்தத் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும். பக்கெட்டும் பிரஷ்ஷும் போதும்.

இனி பேரிங்கை இழுத்தெடுக்கும் புல்லர். உள்ளே பேரிங்குக்குப் பின்னால் ஒரு படி இருப்பதால் எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டித் தள்ள வழியில்லை. சுத்தியலே கார்பன் பக்கம் வரக்கூடாது. சேலத்தில் லேத் பட்டறைக்கா பஞ்சம். கடையச் சொன்னது இவ்வளவுதான். 14.8 மி.மீ. ராடு, முனையில் 15.6 மி.மீ. உதடு, நடுவில் எம்8 போல்ட் போக ஓட்டை, ஹேக்சா பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக 30 மி.மீ. ஆழத்துக்கு வெட்டு. கவுண்டர்சங்க் ஆலன் போல்ட்டின் தலையை 14.5க்குக் கடைந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் பேரிங் துளைக்குள் போகாது. வெளியே ஒரு கிண்ணம்: உள்விட்டம் 29, ஆழம் 12 மி.மீ., ஃபிரேமில் படும் முகத்தில் நைலான் வாஷர். நட்டை முறுக்க முறுக்க போல்ட் தலை பிளவை விரிக்கும், உதடு உள் வளையத்தைப் பிடிக்கும், பேரிங் கிண்ணத்துக்குள் ஏறும்.

வலது பக்கம் ஏறவில்லை. குண்டுகளை இடம்விட்டுப் பிடிக்கும் கேஜ் துருப்பிடித்து உடைந்து, உள் வளையமும் குண்டுகளும் கையோடு வந்தன. வெளி வளையம் மட்டும் ஸ்லீவுக்குள்ளேயே தங்கிவிட்டது. இந்த இடத்தில் பட்டறையில் சொல்லும் வைத்தியம், "உள்ளே ஒரு வெல்டு இழுத்தா சுருங்கித் தானா விழும் சார்" என்பது. மோட்டார் சைக்கிள் வீல் ஹப்புக்கு அது சரியான வைத்தியம். இங்கே அந்தச் சூடு ஸ்லீவை ஒட்டியிருக்கும் பசையையும் எபாக்ஸியையும் இளக்கிவிடும். ஹீட் கன்னும் வேண்டாம்.

வழி வளையத்திலேயே இருக்கிறது. குண்டு உருளும் பள்ளம் உள்முகத்தைச் சுற்றி ஓடுகிறது அல்லவா, அதுதான் பிடிமானம். புது 6902 ஒன்றின் சீலைத் தூக்கி, வெளி வளையத்தின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து, அதைவிட அரை மி.மீ. குறைவாக இன்னொரு பிளவு ராடு கடையச் சொல்லுங்கள். உதடு மெல்லியதாக, விளிம்பு கூராக, பள்ளத்தில் உட்காரும்படி இருக்க வேண்டும். மைல்ட் ஸ்டீல் போதும். அலுமினியத்தில் செய்தால் உதடு வழித்துக்கொண்டு போகும். சிரிஞ்சில் துரு இளக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டு ஒரு ராத்திரி விட்டுவைத்தேன் (டிஸ்க் பிரேக் பேடு பக்கம் எண்ணெய் போகக் கூடாது, பிரேக் காலிப்பரை முன்பே கழற்றி வையுங்கள்). கால் சுற்று முறுக்கு, சற்று நிறுத்து, மறுபடி கால் சுற்று. 'டக்' என்று ஒரு சத்தம் வந்த பிறகு வெண்ணெயாக வந்தது.

பேரிங் வாங்கும்போது கடையில் "எந்த மோட்டாருக்கு?" என்று கேட்டு சி3 எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டாம். சூட்டில் விரியும் மோட்டாருக்காக உள்ளே கூடுதல் இடைவெளி விட்டது அது. பிவட்டில் ஆட்டமாகத்தான் மாறும். சாதா கிளியரன்ஸ், இருபக்கமும் ரப்பர் சீல் என்று கேளுங்கள். கேஜ் இல்லாமல் குண்டு நிறைத்து வரும் மேக்ஸ் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. பிவட் சுற்றுவதே இல்லை, சில டிகிரி ஆடுகிறது, அவ்வளவுதான். எடை முழுக்க அதே சில குண்டுகள் மேல். அதனால்தான் கிரீஸும் நிறையவே வேண்டும். புது பேரிங்கில் வேகமாகச் சுற்றுவதற்கான அளவுதான் வைத்திருப்பார்கள். ஊசியால் சீலை உள்விளிம்புப் பக்கமிருந்து தூக்கி, தண்ணீர் தாங்கும் கிரீஸை முழுக்க அடைத்துவிடுங்கள்.

ஏற்றுவது எளிது. ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் 28 மி.மீ. வளையம் 15 மைக்ரான் வரை சுருங்கும். அதற்கே வித்தியாசம் தெரிகிறது. வெளியே எடுத்ததும் துடைத்துவிட்டு உடனே ஏற்றுங்கள், சேலத்து வெயிலில் நொடியில் வியர்த்துவிடும். தள்ளும் டிரிஃப்ட் (பேரிங்கை அமுக்கும் உருளை) 27.8 மி.மீ.; அதன் முகம் வெளி வளையத்தில் மட்டும் பட வேண்டும், நடுவைக் குழித்துவிடச் சொல்லுங்கள். உள் வளையத்தைத் தள்ளினால் குண்டு ரேஸில் பதியும், புது பேரிங் அன்றைக்கே பழசு. பிவட் ஆக்ஸிலுக்கு கிரீஸ், மரையை ஆல்கஹாலில் துடைத்து நீல லாக்டைட் 243, முறுக்கு விசை (டார்க்) போல்ட் தலையில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒரு நியூட்டன் மீட்டர்கூட வேண்டாம்.

ஷாக் வெளியே இருந்ததால் அதன் கண்ணில் உள்ள 12.7 மி.மீ. புஷ்ஷையும் பார்த்தேன்; இன்னும் ஒரு சீசன் தாங்கும். 190க்கு 45 ஷாக் (நீளம் 190, அமுங்கும் தூரம் 45 மி.மீ.), 25 சதவீத சேக் (ஏறி உட்கார்ந்ததும் அமுங்கும் அளவு) என்றால் ஷாக் தண்டில் உள்ள ஓ-ரிங் 11 மி.மீ.க்குச் சற்று மேல் நிற்க வேண்டும். டயர் காற்றைப் பற்றி ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: சேலத்தில் அடித்துவிட்டு ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினால் மேலே டயர் கல்லாகிவிடாதா? கணக்குப் போட்டால் ஆகாது. 1,500 மீட்டரில் வெளிக்காற்று அழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ குறைகிறது, அந்த அளவு காற்றழுத்த மீட்டரில் ஏறும். கீழே 35 டிகிரி, மேலே 22 என்றால் குளிர்ச்சி ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐயைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. 20 அடித்தால் மேலே 20.5, அவ்வளவே.

அடுத்தது ராக்கர். அதில் 6900, அதாவது 10, 22, 6. லிங்க் முழு அலுமினியம், தனியாகக் கழன்று வந்துவிடும், வைஸில் வைத்தே அமுக்கலாம். பிளவு ராடு 9.8 மி.மீ., நடுவில் எம்8 போனால் சுவர் தாங்காது, எம்5 போல்ட்தான். அளவு எழுதிப் பட்டறையில் கொடுத்தாயிற்று. கைக்கு வந்ததும் மாட்டிவிட்டு, மழை பிடிப்பதற்குள் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்து மண் பாதையில் ஒரு சோதனை, தோட்டக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான்.