வட்டைத் தொடாத லினக்ஸ்: தடயவியல் பென்டிரைவ் அமைத்துப் பார்த்த அனுபவம்

கணினித் தடயவியலில் முதல் விதி, ஆய்வுக்கு வந்த வட்டில் ஒரு பைட்கூட மாறக் கூடாது என்பதாகும். அன்றாடப் பயன்பாட்டுக்கான லினக்ஸ் இந்த விதிக்குப் பொருந்தாது. யூஎஸ்பி வட்டைச் செருகியதுமே அதைத் தானாக மவுன்ட் செய்துவிடும் (கோப்புகளைப் பார்க்கும்படி இணைத்துவிடும்), உள்வட்டில் ஸ்வாப் பகிர்வு (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதி) இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே, எங்கும் எடுத்துச் செல்லத்தக்க ஒரு தடயவியல் லினக்ஸை அமைக்கத் தொடங்கியபோது, கருவிகளின் பட்டியலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வட்டில் அது எதையும் எழுதவில்லை என்பதை நானே சோதித்து உறுதிசெய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டு இத்தாலியில் உருவான கெய்ன் என்ற தடயவியல் லினக்ஸ், இணைக்கப்படும் எல்லா வட்டுகளையும் தொடக்கத்திலேயே படிக்க மட்டும் என்ற நிலையில் வைத்துவிடுகிறது. சுருகி லினக்ஸ் இந்தத் தடுப்பை இயங்குதளத்தின் மையமான கர்னல் அளவிலேயே செய்கிறது. பாதுகாப்புச் சோதனைக்கான காளி லினக்ஸின் தடயவியல் பூட் முறை, ஸ்வாப்பையும் தானியங்கி மவுன்டையும் நிறுத்துவதோடு சரி. இருந்தும் நான் காளியையே எடுத்துக்கொண்டேன்; லைவ்-பில்ட் நிரல்களைக் கொண்டு நமக்கு வேண்டிய தொகுப்புகளோடு, பூட் செய்யத்தக்க ஒரு ஐஎஸ்ஓ கோப்பை நாமே உருவாக்கிக்கொள்ள அதில் வழி இருப்பதே காரணம். தொகுப்புப் பட்டியலில் தடயவியல் கருவித் தொகுதியைச் சேர்த்தேன். அத்துடன், புதிதாகத் தென்படும் ஒவ்வொரு வட்டையும் பகிர்வையும் ‘பிளாக்டெவ்’ கட்டளையால் படிக்க மட்டும் என்று ஆக்கிவிடும் ஒரு யூடெவ் விதியையும் (சாதனம் இணையும்போது தானாக இயங்கும் விதி) உள்ளே வைத்தேன். நகலைச் சேமிக்க வேண்டிய வட்டை மட்டும் பிறகு கையால் திறந்துவிட வேண்டும். அது ஒரு கூடுதல் வேலைதான். ஆனால் எந்த வட்டில் எழுதப் போகிறோம் என்று ஒருமுறை நின்று பார்க்கவைக்கும் அந்தத் தடையை நான் விரும்பியே வைத்திருக்கிறேன்.

நிலைத்த சேமிப்புப் பகிர்வை வேண்டுமென்றே அமைக்கவில்லை. ஒரு கணினியில் வேலை செய்ததன் சுவடு அடுத்த கணினிக்குச் செல்லக் கூடாது என்பதால், குறிப்புகளும் நகல்களும் தனி வட்டுக்கே செல்கின்றன.

படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்தால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருப்பதால், அதைத் தனியாகச் சோதித்தேன். ஒரு பழைய பென்டிரைவை இஎக்ஸ்டி4 ஆக வடிவமைத்து, கோப்புகள் அதில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோதே பிடுங்கி எடுத்தேன். இதனால் அதன் ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டில்) முடியாத பதிவுகள் தங்கின. யூடெவ் விதி இல்லாத நிலையில் முழு வட்டின் எஸ்எச்ஏ-256 ஹேஷ் மதிப்பை (ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற எண்ணை) குறித்துக்கொண்டு, படிக்க மட்டும் என்று பொருள்படும் ‘ஆர்ஓ’ விருப்பத்துடன் மவுன்ட் செய்து, உடனே விடுவித்து, மதிப்பை மீண்டும் கணக்கிட்டபோது அது முற்றிலும் வேறாக இருந்தது. கோப்பு முறைமையைச் சீராக்குவதற்காக, ‘ஆர்ஓ’ என்று சொல்லியிருந்தும் கர்னல் ஜர்னலை இயக்கி வட்டில் எழுதியதே இதற்குக் காரணம். விதியை இயக்கி, மீண்டும் அதே முறையில் பிடுங்கிய பென்டிரைவைச் செருகியபோது, எழுத அனுமதி இல்லாததால் தொடர முடியாது, ‘நோலோட்’ விருப்பத்துடன் முயன்று பாருங்கள் என்ற செய்தி கர்னல் பதிவில் வந்தது. அவ்வாறே, ஜர்னலை இயக்காமல் மவுன்ட் செய்து கோப்புகளைப் பார்த்துவிட்டு எடுத்த மதிப்பு, முந்தைய மதிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது. எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இதே பணிக்கு ‘நோரிகவரி’ என்ற விருப்பம் உண்டு.

எஸ்எஸ்டி வட்டுகளில் இந்த உறுதி போதாது. அழித்த கோப்புகளின் இடத்தைக் காலியென்று வட்டுக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளையால் ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட பகுதிகளை, மின்சாரம் கிடைத்ததுமே வட்டின் கட்டுப்படுத்தி தானாக அழித்துக்கொள்ளக்கூடும். அதை இயங்குதளத்தின் எந்தத் தடுப்பும் நிறுத்தாது.

பூட் செய்யும்போது வேறொரு சிக்கலும் உண்டு. காளி பென்டிரைவிலிருந்து தொடங்கப் பெரும்பாலான கணினிகளில் செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் உள்ள இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பை) அணைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்கத்தால் பூட்டப்பட்ட விண்டோஸ் கணினியில் அதை அணைத்தால், அடுத்த முறை விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி கையில் இருக்கிறதா என்று கேட்டறிந்த பின்னரே பயாஸுக்குள் செல்ல வேண்டும் என்று என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பயாஸ் திரையில் தெரியும் கடிகார நேரத்தையும் கைக்கடிகார நேரத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்கிறேன். விண்டோஸ் அந்தக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது. லினக்ஸோ அதைப் பொதுவாக யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்வதால், இந்தியாவில் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகிறது. என்டிஎஃப்எஸ் யூடிசியிலும் ஃபேட்32 உள்ளூர் நேரத்திலும் கோப்பு நேரங்களைப் பதிப்பதால், இந்தக் குறிப்பு இல்லாமல் நிகழ்வுகளை வரிசைப்படுத்த முடியாது.

நகலெடுக்க கைமேஜர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். நகலெடுக்கும்போதே ஹேஷ் மதிப்பைக் கணக்கிட்டு, முடிந்ததும் சரிபார்த்து, இரண்டையும் ஒரு தகவல் கோப்பில் எழுதிவைக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தியச் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம், பிரிவு 63-இன் கீழ் தர வேண்டிய சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் அதைக் கணக்கிட்ட முறையையும் குறிப்பிடக் கோருகிறது. பொழுதுபோக்காகச் செய்தாலும் அந்தப் பழக்கத்தோடு செய்வதே முறை. பழுதடைந்த வட்டு என்றால் கைமேஜரை விட்டுவிட்டு டிடிரெஸ்க்யூவுக்குச் செல்வதே நல்லது.

அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் பயிற்சிக்காக வெளியிட்டுள்ள பழைய டெல் மடிக்கணினியின் வட்டு நகலில், ஸ்லூத் கிட் என்ற தடயவியல் கருவித் தொகுப்பின் ‘எம்எம்எல்எஸ்’, ‘எஃப்எல்எஸ்’, ‘ஐகேட்’ ஆகிய மூன்று கட்டளைகளால் பகிர்விலிருந்து கோப்புப் பட்டியலுக்கும், அங்கிருந்து தனிக் கோப்பின் உள்ளடக்கத்துக்கும் செல்வதுவரை இப்போது எல்லாம் சீராக நடக்கிறது.

ஒரு வேலை மீதம் இருக்கிறது. பூட் ஆகும் தொடக்க நொடிகளில், லினக்ஸ் தன் மூலக் கோப்பைத் தேடும்போது பிற பகிர்வுகளையும் மவுன்ட் செய்து பார்க்கக்கூடும்; என் யூடெவ் விதி செயல்படத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். எனவே அந்த விதியையும் ‘பிளாக்டெவ்’ நிரலையும், அந்தத் தொடக்க நொடிகளில் இயங்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே சேர்த்து ஐஎஸ்ஓவை மறுபடி உருவாக்கி, ஜர்னல் முடியாத அதே பென்டிரைவைச் செருகிவைத்தபடியே பூட் செய்து, ஹேஷ் மதிப்பை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.