தீக்குப் பயந்து கட்டிய மில்

ஒரு படத்தை ரெண்டு நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் டெர்பிஷயர் பக்கம் பெல்பர் என்ற ஊரில் நிற்கும் நார்த் மில் என்ற பழைய பருத்தி நூற்பாலையின் குறுக்குவெட்டுப் படம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கலைக்களஞ்சியத்துக்காக வரைந்தது. பலாப்பழத்தை அறுத்து வைத்த மாதிரி மில்லின் உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிறது.

அந்த இடத்தில், நீர்விசையில் நூற்கும் ஆலைகளின் முன்னோடி ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் கூட்டாளி ஜெடிடையா ஸ்ட்ரட் 1780களில் கட்டிய பழைய மில் 1803 ஜனவரியில் எரிந்துபோனது. எரியாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். மரத்தரை, மர உத்தரம், இயந்திரங்களிலிருந்து சொட்டிச் சொட்டி அந்த மரத்தில் ஊறிய எண்ணெய், எந்நேரமும் பறக்கும் பஞ்சு, இத்தனைக்கும் நடுவில் வெளிச்சத்துக்கு விளக்கு வேறு. ஒரு பொறி போதும்.

மகன் வில்லியம் ஸ்ட்ரட்டுக்கு இந்தப் பயம் முன்பே உண்டு. 1790களிலேயே டெர்பியில் இரும்புத் தூணும் செங்கல் வளைவும் வைத்து ஒரு மில் கட்டிப் பார்த்தார், ஆனால் உத்தரம் மட்டும் மரம்தான், தீப்பிடிக்காதிருக்க மேலே சாந்து பூசிச் சமாளித்தார். அப்புறம் அவருடைய நண்பர் சார்லஸ் பேஜ் 1797இல் ஷ்ரூஸ்பரியில் உத்தரத்தையும் வார்ப்பிரும்பிலேயே போட்டுவிட்டார். அது ஆளிச்செடியின் நாரை நூற்கும் மில். இரும்புச் சட்டத்தில் நின்ற உலகின் முதல் கட்டிடம் அதுதான். நண்பர் செய்து காட்டியதை வில்லியம் 1804இல் பெல்பரில், எரிந்த மில்லைத் திரும்பக் கட்டும்போது கையில் எடுத்தார்.

நான் படத்தில் அதிக நேரம் நின்றது ஒவ்வொரு தளத்தின் மேற்தளத்தடியில்தான். ஒரு தளத்துத் தூணின் தலைமேல் அடுத்த தளத்துத் தூண், தூண்களை இணைத்து உத்தரங்கள், இரண்டு உத்தரத்துக்கு நடுவில் தட்டையான செங்கல் வளைவு, அதன் மேடு பள்ளத்தை நிரப்பி மேலே தரை. வளைவு என்றால் பக்கவாட்டில் தள்ளும், இல்லையா? நடுவில் பிரச்சினை இல்லை, பக்கத்து வளைவு எதிர்த்துத் தள்ளிச் சரிக்கட்டிவிடும், ஓரத்தில் இருப்பதுதான் சுவரைப் பிடித்துத் தள்ளும். அதனால் உத்தரத்துக்கு உத்தரம் தேனிரும்புக் கம்பி (இழுவையைத் தாங்கும் அடித்த இரும்பு) போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார். பாரம் குறைய வேண்டிய சில இடங்களில் செங்கல்லுக்குப் பதிலாக உள்ளே வெற்றாக இருக்கும் மண்கலயங்கள்! எனக்கு இந்தக் கட்டிடத்திலேயே பிடித்த சங்கதி அதுதான்.

படத்தில், ஆற்றுத்தண்ணீர் சுழற்றும் நீர்ச்சக்கரமும் கட்டிடத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் சுழற்சி பல்சக்கரம் வழியாக நெட்டுக்குத்தான தண்டில் ஏறி ஒவ்வொரு தளமாகப் பிரிகிறது. பஞ்சைச் சிக்கெடுக்கும் இயந்திரங்களுக்கும் நூற்கும் சட்டங்களுக்கும் அந்த ஆற்றுத்தண்ணீர்தான் தெம்பு.

உச்சியில், கூரைக்குக் கீழே வரிசையாகப் பெஞ்சுகள், அதில் குட்டிக் குட்டித் தலைகள். முதலில் தொழிலாளர்கள் சாப்பிடும் இடம் என்று நினைத்தேன். இல்லை, பள்ளிக்கூடம். வாரம் முழுக்கக் கீழே வேலை பார்த்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை எழுத்து கற்க ஏறியது அதே மாடிப்படிதான்.