கிணற்று முடிவைச் சொல்ல ஐந்து மாதம்

கிணற்று நீரின் முடிவை மக்களுக்குச் சொல்ல, என் ஆய்வுப் படிவத்தைத் திருத்திக்கொள்ளும் அனுமதிக் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. ஐந்து மாத அலைச்சல். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பதிவு, சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்), ஆய்வு மக்களைப் பாதிக்காமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் முதல் அனுமதி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

மாட்டிக்கொண்டது ஒரே வரியில். "தனித்தனி முடிவுகள் யாருக்கும் தெரிவிக்கப்படாது" என்று சீனியர் ஒருவரின் ஒப்புதல் படிவத்தில் இருந்ததை அப்படியே என் படிவத்திலும் போட்டிருந்தேன். குழுவில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டது, போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. "போன தடவையும் பாட்டில்ல பிடிச்சுட்டுப் போனாங்க தம்பி, யாரும் திரும்பி வந்து சொல்லல. புள்ளைக்கு இதைக் குடுக்கலாமா, வேண்டாமா?" பக்கத்தில் நின்ற பையனின் பற்களில் பழுப்புக் கறை, ஃபுளோரைடு கூடினால் வருவது போல.

அந்தப் போரில் லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் ஃபுளோரைடு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 1.5. கூப்பிடு தூரத்தில் இன்னொரு போரில் 0.8தான். கால்சியம் அதிகமுள்ள நீரில் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும்; கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடினால், பாறையிலிருந்து கரைந்தது நீரிலேயே தங்கிவிடும். அடுத்தடுத்த போர்களில் இது ஏன் இப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆய்வுக் கேள்வி. அந்த அம்மாவுக்கு எந்தப் போரில் குடத்தை வைப்பது என்று தெரிய வேண்டும். இரண்டுக்கும் விடை அதே பாட்டிலில்தான் இருந்தது. சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

திருத்த விண்ணப்பத்தை முதல் தடவை கொண்டுபோனபோது, மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, படிவத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த தடவை கடைசிப் பக்கத்தில் கைடு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. குழு அன்றைக்கே கூடியது. அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்து. அந்த இரண்டு மாதமும் அவர்கள் அதே தண்ணீரைக் குடித்தார்கள் என்பதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

கடைசியில் குழு கேட்டது ஒரு நல்ல கேள்வி: எண்ணை மட்டும் சொன்னால் மக்கள் பயந்துவிட மாட்டார்களா? ஒரு பக்கத் தாள் எழுதிக் கொடுத்தேன். குடிக்க, சமைக்க எந்த போர், துவைக்க எந்த போர் என்று அதில் இருந்தது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும் என்பதையும் சேர்த்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

புதிதாக விண்ணப்பிப்பவர்கள், முடிவை யாருக்கு, எப்போது, எந்த மொழியில் சொல்வீர்கள் என்பதை முதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். மாதிரிக்குக் கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டிலே எடுங்கள். அப்புறம், கொஞ்ச நேரம் நின்று பேசுங்கள். போரை ஆழப்படுத்திய பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்று அங்கே சொன்னார்கள். என் திட்டத்தில் ஆழம் என்ற அளவே இல்லை. இப்போது அதற்குத் தனி அத்தியாயம்.

தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்துவிட்டேன். நாளைக் காலை முதல் வேலை அந்த அம்மாவைப் பார்ப்பதுதான்.