சுற்றுலா வாரியத்துக்குப் புதுப் பெயர்: சட்டங்களில் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது

பிரிட்டனின் 1969-ஆம் ஆண்டு சுற்றுலா வளர்ச்சிச் சட்டம் நான்கு அமைப்புகளை உருவாக்கியது: பிரிட்டிஷ் சுற்றுலா ஆணையம், பிறகு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் தனித்தனி வாரியங்கள். இந்த நான்கு பெயர்களையும் இன்று எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. ஆனால் சட்டத்தில் அவற்றுக்கு நேர்ந்தது ஒரே மாதிரியானதல்ல. பெயர் மாற்ற வேலையில் இறங்குபவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

பிரிட்டிஷ் ஆணையம் ‘விசிட்பிரிட்டன்’ என்றும், இங்கிலாந்து வாரியம் ‘விசிட்இங்கிலாந்து’ என்றும் புழங்குகின்றன. இவை வணிகப் பெயர்கள் மட்டுமே. சட்டத்தில் பழைய பெயர்கள் அப்படியே இருக்கின்றன, ஒரு வரியும் திருத்த வேண்டியதில்லை. வேல்ஸ் வாரியம் 2006 ஏப்ரலில் கலைக்கப்பட்டு, அதன் பணிகள் வேல்ஸ் தேசிய மன்றத்துக்குப் போயின. ஸ்காட்லாந்து வாரியம் 2001 முதலே ‘விசிட்ஸ்காட்லாந்து’ என்று இயங்கினாலும், ‘வாரியம் இனி இந்தப் பெயரால் அழைக்கப்படும்’ என்று சட்டம் சொன்னது 2006-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் கடிதத்தாளில் ஒரு பெயர், வழக்குப் போடுவதென்றால் இன்னொரு பெயர்.

ஆகவே முதல் கேள்வி: சட்டத்தின் கண்ணில் இது அதே ஆள்தானா? அதே ஆள் என்றால் சொத்து, கடன், ஊழியர், நிலுவை வழக்கு எதையும் மாற்றிக்கொடுக்க வேண்டாம். ‘பெயர் மாறியதால் அமைப்பின் உரிமையோ பொறுப்போ பாதிக்கப்படாது’ என்று ஒரு வரி போதும். ஆள் மாறினால் அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிரிவு வேண்டும். ஸ்காட்லாந்தின் 2006 சட்டத்தில் இரண்டும் சேர்ந்தே வந்தன: தேசிய வாரியத்துக்குப் பெயர் மாற்றம், வட்டார வாரியங்களுக்குக் கலைப்பு. இரண்டையும் ஒரே பிரிவில் குழைத்து எழுதினால் பின்னால் வழக்கறிஞர்களுக்குக் கொண்டாட்டம்.

அடுத்து, மற்றச் சட்டங்கள். பழைய பெயர் சுற்றுலாச் சட்டத்தில் மட்டும் இருக்கும் என்று நினைப்பதுதான் வழக்கமான சறுக்கல். பொது அமைப்புகளைப் பட்டியலிடும் சட்டங்களில்தான் அது அதிகம் ஒளிந்திருக்கும். ஸ்காட்லாந்தில் 2000-ஆம் ஆண்டின் பொதுவாழ்வு நெறிமுறைச் சட்டம், 2002-இன் தகவல் உரிமைச் சட்டம், அதே ஆண்டின் பொதுச்சேவை முறைகேள் அலுவலர் சட்டம், 2003-இன் பொது நியமனங்கள் சட்டம் என்று எல்லாவற்றின் அட்டவணையிலும் இந்த அமைப்புக்கு ஓர் இடம் உண்டு. ஒன்றைத் தவறவிட்டால், ‘இந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்று வாதிட யாருக்காவது வழி கிடைக்கும்.

முழுப் பெயரை மட்டும் தேடினால் போதாது. 1969 சட்டத்தில் ‘சுற்றுலா வாரியம்’ என்பதே பல அமைப்புகளைக் குறிக்கும் கூட்டு வரையறை. அந்த வரையறையைத் திருத்தினால் அதைச் சார்ந்த பிரிவுகள் தாமாகச் சரியாகும். விட்டுவிட்டால் எத்தனை இடத்தில் பெயரை மாற்றினாலும் ஓட்டை இருக்கும். ஆங்கில வாசகத்தில் இன்னொரு பொறி உண்டு: ‘ஸ்காட்டிஷ் டூரிஸ்ட் போர்டு’ என்ற பழைய பெயருக்கு முன்னால் ‘தி’ (the) வரும், ‘விசிட்ஸ்காட்லாந்து’ என்ற புதியதற்கு வராது. பெயரை மட்டும் நீக்கி ஒட்டினால் அந்த ‘தி’ அநாதையாக நிற்கும். அகரவரிசைப் பட்டியல் என்றால் பெயர் எஸ் வரிசையிலிருந்து வி வரிசைக்குப் போக வேண்டும். உருப்படிகளுக்கு எண் இருந்தால், வரிசை கெட்டாலும் அதே எண்ணில் வைத்துவிடுவதே நல்லது என்பேன். அந்த எண்ணை வேறு எந்த விதி மேற்கோள் காட்டியிருக்கிறதோ!

விதிகள், ஆணைகள், அவற்றில் அச்சிட்ட படிவங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்த யாருக்கும் பொறுமை கிடையாது. அங்கேதான் பொதுப் பிரிவு ஒன்று உதவும்: ‘இந்நாளுக்கு முன் ஆக்கப்பட்ட சட்டம், விதி, ஆவணம் எதிலும் பழைய பெயரைச் சுட்டுவது, சூழல் வேறு பொருளை வேண்டினாலன்றி, புதிய பெயரைச் சுட்டுவதாகக் கொள்ளப்படும்.’ அந்த ‘சூழல்’ என்ற சொற்றொடரை வெட்டிவிடாதீர்கள். அமைப்பே மாறியிருக்கும்போது, பழைய வாரியம் அன்று செய்ததைச் சொல்லும் வரிகள் பழைய பெயரிலேயே நிற்க வேண்டும். அதே சமயம் 1969 சட்டத்தின் இரண்டாம் பகுதி விடுதிகளுக்குத் தந்தது போன்ற மானியம், கடன் இவற்றின் நிபந்தனைகளை இனி யார் வலியுறுத்தலாம் என்பதையும் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

பொதுப் பிரிவை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து. 2003 சட்டம் ‘போர்டு ஃபால்ச்சா’ என்ற வாரியத்தையும், ‘செர்ட்’ என்ற பயிற்சி அமைப்பையும் கலைத்து, தேசிய சுற்றுலா வளர்ச்சி ஆணையத்தை அமைத்தது. மக்கள் அறிந்த பெயர் ‘ஃபால்ச்சா அயர்லாந்து’. விடுதிப் பதிவுக்கு அடிப்படை இன்னும் 1939-இன் சுற்றுலாப் போக்குவரத்துச் சட்டம்தான். அதை மூல வடிவில் படிப்பவர் ‘வாரியம்’ என்ற சொல்லைப் பார்த்து, பிற்காலச் சட்டங்களைத் தாண்டித்தான் இன்றைய ஆணையத்துக்கு வந்துசேர வேண்டும். சட்டம் தெரிந்தவருக்கு இது சிரமமில்லை. விடுதி நடத்துபவருக்கு?

இலங்கையிலும் 1966-இல் சட்டம் அமைத்த சுற்றுலாச் சபையின் இடத்தில், 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டம் அபிவிருத்தி அதிகார சபை, ஊக்குவிப்புப் பணியகம் எனப் பல அமைப்புகளை வைத்தது. இப்படி ஓர் அமைப்பு பலவாகும்போது பொதுப் பிரிவு தானாக வேலை செய்யாது. பழைய ‘சபை’ எந்த இடத்தில் எந்தப் புதிய அமைப்பைக் குறிக்கிறது என்று பணிவாரியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். திருத்தம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பொருந்தவும் வேண்டும். தமிழில் ‘சபைக்கு’, ‘சபையினது’, ‘சபையால்’ என்று உருபு ஒட்டுவதால், ‘சபை என்ற சொல் வரும் இடமெல்லாம்’ என்று மட்டும் எழுதாமல் உருபேற்ற வடிவங்களையும் சேர்த்தே எழுதுவது பாதுகாப்பு.

கடைசியாகச் சட்டத்தின் தலைப்பு. அமைப்பின் பெயர் மாறினால் சட்டத்தின் பெயர் தானாக மாறாது. தனியாகத் திருத்த வேண்டும். சிங்கப்பூரில் சுற்றுலா மேம்பாட்டு வாரியம் 1997-இல் பயணத்துறைக் கழகம் ஆனது. தலைப்பும் மாறியதால், இன்று அது ‘1963-ஆம் ஆண்டு’ சட்டமாகவே புதிய பெயருடன் மேற்கோள் காட்டப்படுகிறது. பழைய ஒப்பந்தத்தில் உள்ள தலைப்பைத் தேடி அது கிடைக்காவிட்டால், சட்டம் நீக்கப்பட்டதாக முடிவு செய்யும் முன் திருத்த வரலாற்றைப் பாருங்கள்.