பெரிய கண் என்று கொஞ்சிக்கொண்டிருந்தோம்

வந்தவர்கள் எல்லோரும் "கண்ணு எவ்வளவு பெரிசு!" என்று கொஞ்சிவிட்டுத்தான் போனார்கள். எனக்கும் பூரிப்புதான். வாசலுக்குத் தூக்கி வந்தால் மட்டும் மூன்று மாதப் பிள்ளை முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வான். கண்ணில் ஓயாமல் நீர்.

உள்ளூர் டாக்டர் கண்ணீர்க் குழாய் அடைப்பு என்றார். மூக்கோரம் நீவிவிடச் சொன்னார். ஐந்து வாரம் நீவினேன். நீர் வடிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், சரி. ஆனால் வெறும் அடைப்பு என்றால் கருவிழி பெரிதாகாது, வெளிச்சத்துக்கு இப்படிக் கண்ணை இறுக்கி மூடவும் மாட்டார்கள். இதை அவர் சொல்லவில்லையே என்று இன்னும் ஆறவில்லை. ஒருநாள் பால் கொடுக்கும்போது பார்த்தேன், கருவிழியில் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி ஒரு மங்கல். அன்றே பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

மயக்கம் கொடுத்து அளந்தார்கள். கருவிழி 13 மில்லிமீட்டர். ஒரு வயதுக்குள் 12-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டுமாம். பிறவி கிளாக்கோமா, அதாவது கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறும் நோய். கருவிழி தெளிவாக இருந்தால் கண்ணுக்குள்ளே பார்த்துக்கொண்டே வடிகாலைத் திறக்கும் கோனியாட்டமி செய்யலாம், மங்கிவிட்டதால் வெளியிலிருந்து திறக்க வேண்டும் என்றார்கள். அந்த ஐந்து வாரம்தான் கண்முன் வந்தது.

ஆபரேஷன் தேதிக்கு முன்தினம் போனில் "காலையில ஒண்ணும் கொடுக்காதீங்க" என்றார்கள். ஐந்து மணிக்குத் தாய்ப்பால் கொடுத்துவிட்டேன். எனக்கு அது விடியாத இரவு. மயக்க டாக்டர் மறுத்துவிட்டார். அன்றைய பட்டியலும் நிறைந்திருந்தது. மூன்று மணி நேர பஸ்ஸில் திரும்பி வந்தோம், அடுத்த தேதி எட்டு நாள் கழித்து. தாய்ப்பால் என்றால் நாலு மணி நேரம், பவுடர் பால் என்றால் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். "காலையில்" என்றால் ஏற்காதீர்கள், கடைசிப் பால் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். சளி இருந்தாலும் மறைக்காமல் முன்பே போன் செய்துவிடுங்கள்.

இரண்டாம் முறை எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அப்புறம் ஒன்று: கண் பிரஷர் சொட்டு மருந்தை மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பிரிமோனிடின் என்ற பிரஷர் சொட்டு இரண்டு வயதுக்குள் கூடவே கூடாது, மூச்சே மந்தமாகிவிடும். எங்களைப் போல சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் அடுத்த பிள்ளையின் கண்ணைப் பிறந்தவுடனே காட்டிவிடுங்கள்.

போன வாரம் வாசலில் நின்றபோது தலையைத் தூக்கி வேப்பமரத்தைப் பார்த்தான். வரும் மாதம் மறுபடி மயக்கப் பரிசோதனை. கடைசிப் பால் மூன்று மணிக்கு என்று நர்ஸ் கையாலேயே அட்டையின் பின்பக்கம் எழுதி வாங்கியாயிற்று.