வளவு முழுக்கக் கொங்கிரீட்

இந்த மாரிக்கும் மட்டக்களப்பில் எங்கள் கல்லடி ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். சின்ன வயதில் இப்படி நின்றதில்லை. அப்போது வளவெல்லாம் மணல், வேலியெல்லாம் பூவரசு. பெய்த மழை அங்கேயே ஊறிக் கிணற்றுக்குப் போய்விடும். இப்போது வாசல் வரை கல் பதித்து, மதிலும் கட்டியாயிற்று. நானும் முற்றத்தில் பதித்தவன்தான். போன கிழமை பாதியைக் கிளப்பி எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் அம்மா வேம்புக் கன்று வைத்திருக்கிறார்.

வாவிக் கரையில் கண்டல், கண்ணா என்ற சதுப்பு மரங்கள் நின்ற இடத்தை மண் போட்டு நிரப்புவதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. வெள்ளம் வந்து தங்குகிற இடம் அது. கரையை இறுகப் பிடித்திருப்பதும் அந்த வேர்கள்தான். வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தின் மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு இறங்கும், சரி. ஒழுங்கைத் தண்ணீர் முதலில் வாவிக்குப் போய்ச் சேர வேண்டுமே?

மதிலோரம் ஒரு முழம் அகலத்துக்கு மண்ணாகவே விட ஐந்து வீட்டார் பேசியிருக்கிறோம். பூவரசந்தடி வேண்டுமென்றால் கேளுங்கள், இந்த ஈரத்திலேயே நட்டுவிடலாம்.