விட்டு விட்டு மிஸ் அடிக்கும் வண்டி: வயரிங்கைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடியது

வண்டி 150 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர். பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் மின்னணுப் பெட்டி, பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் டிசி சிடிஐ. ஹெட்லைட் மேக்னெட் காயிலிலிருந்து நேராக ஏசியில் எரிவது. மற்ற விளக்குகளும் ஹாரனும் பேட்டரியில்.

குறை இதுதான். அறுபதில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது கண் இமைக்கும் நேரத்துக்கு இன்ஜின் வெட்டும், சைலன்சரில் ஒரு ‘டப்’ கேட்கும், உடனே பழையபடி இழுக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும், மெதுவாகப் போய் ஹாண்டிலை ஒடிக்கும்போதும் அதிகம். பட்டறையில் நிறுத்தி ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஒன்றுமே இருக்காது. பிளக், பிளக் கேப், ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, கார்புரேட்டர் கழுவியாயிற்று, வேறு வண்டியின் சிடிஐ-யைப் போட்டும் பார்த்தாயிற்று. குறை அசையவில்லை.

பெட்ரோல் பக்கத்துக் குறை இப்படி வராது. மிதவைத் தொட்டியில் பெட்ரோல் குறைந்தால் இழுவை மெல்ல மெல்ல இறங்கும், வண்டி திணறும், சோக் இழுத்தால் கொஞ்சம் தேறும். ஸ்பார்க் போனால் சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல ஒரே வெட்டு. எரியாத கலவை சைலன்சருக்குள் போய் அங்கே வெடிப்பதுதான் அந்த ‘டப்’. எலக்ட்ரானிக் டாக்கோமீட்டர் (இன்ஜின் சுற்றைக் காட்டும் முள்) உள்ள வண்டிகளில் இன்னொரு துப்பு உண்டு. பல வண்டிகளில் அதன் சிக்னல் சிடிஐ பக்கத்திலிருந்து வருகிறது. வெட்டும் நொடியில் முள்ளும் சேர்ந்து விழுந்தால் சிடிஐ-க்கு வரும் மின்சாரம், எர்த், ஸ்பார்க் விட வேண்டிய நேரத்தைச் சிடிஐ-க்குச் சொல்லும் பல்சர் காயில் இவற்றில் தேடலாம். முள் அசையாமல் இருக்க இன்ஜின் மட்டும் வெட்டினால் சிடிஐ-க்கு அப்புறம் வரும் இக்னிஷன் காயில், ஹைடென்ஷன் வயர், பிளக் கேப் பக்கம் போகலாம். இந்த வண்டியில் முள் விழுந்தது. மீட்டர் விளக்கு மட்டும் அசையவில்லை. கீ செட் (சாவி சுவிட்ச்) வரைக்கும் மின்சாரம் அறாமல் வருகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் குமிழ் பல்பின் இழை ஆற நேரம் எடுக்கும், மிகச் சிறிய வெட்டை அது காட்டாது. அதனால் இதை முழுசாக நம்பவில்லை.

தேடும் முன் ஒரு கணக்கு. 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு இரண்டாவது சுற்றிலும்தான் எரிதல் நடக்கும், அதாவது 20 மில்லி நொடிக்கு ஒரு முறை. ஒரு வயர் 40 மில்லி நொடி விட்டுப் பிடித்தாலே இரண்டு எரிதல் போய்விடும், ஓட்டுபவர் அதைத் தொடையில் உணர்வார். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரோ நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கிறது. எனவே மீட்டரை மாட்டிவிட்டு எண் குதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. வயரின் இரு முனையிலும் வைத்துப் ‘பீப்’ கேட்டுவிட்டு வயர் நல்லது என்று சொல்வதும் அப்படித்தான்.

அந்தப் ‘பீப்’ ஏன் ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் பொதுவாக 0.2 மில்லிமீட்டர் தடிமனில் 16 இழைகள் இருக்கும். அதில் 15 அறுந்து ஒன்று மிஞ்சினாலும் மீட்டர் பீப் அடிக்கும். அந்த ஒற்றை இழையின் ஒரு சென்டிமீட்டருக்கு மின்தடை சுமார் 0.005 ஓம், எந்தப் பட்டறை மீட்டரும் இதைப் பிடிக்காது. மின்னோட்டம் போகும்போது அளந்தாலும் விழும் வோல்ட் ஒன்றுமில்லை. அந்த இழை ஆடி விலகும்போது மட்டுமே குறை தெரியும். துருப்பிடித்த டெர்மினல் இதற்கு நேர் எதிர்: ஆட்டத் தேவையில்லை, ஆனால் மின்னோட்டம் ஓடியாக வேண்டும். ஓம் அளவில் மீட்டர் விடும் மின்னோட்டம் மில்லி ஆம்பியர் கணக்கு. 0.4 ஓம் தடையுள்ள கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகியை) அளந்தால், மீட்டர் வயர்களே 0.3 காட்டும் நிலையில், 0.7 வரும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதே கப்ளரில் 3 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் அங்கேயே தொலையும். ஆக, இரண்டு வகைக் குறைக்கு இரண்டு சோதனை வேண்டும். ஒன்றைச் செய்து முடித்துவிட்டு வயரிங் ஓகே என்று எழுதிவிடுவதால்தான் இந்த மாதிரி வண்டிகள் பட்டறை பட்டறையாகச் சுற்றுகின்றன.

முதல் சோதனை: ஓடும்போது வோல்ட் எங்கே விழுகிறது

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட். இன்ஜின் 4000-இல் சார்ஜிங் 14.2. இந்த இரண்டும் சரியில்லாவிட்டால் மேலே போவதில் அர்த்தமில்லை. 15-ஐத் தாண்டினால் முதலில் ரெகுலேட்டரைக் கவனிக்க வேண்டும்.

இன்ஜின் ஐடிலில், பிரேக் விளக்கு எரியும்படி பெடலில் ஒரு கல்லை வைத்து, ஒரு பக்க இண்டிகேட்டரையும் போட்டு வைத்தது. 21 வாட் பல்ப் ஒன்றே 1.75 ஆம்பியர் இழுக்கும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை சிடிஐ-க்கு மின்சாரம் வரும் பின்னில். கப்ளரைக் கழற்றக் கூடாது. பின்பக்கம் வயரை ஒட்டிக் குண்டூசியை நுழைத்து அளக்க வேண்டும். கழற்றி மாட்டினாலே துரு கொஞ்சம் உரசிப் போய், குறை சில வாரத்துக்கு ஒளிந்துகொள்ளும்.

மொத்தம் 1.30 வோல்ட் விழுந்தது. துண்டு துண்டாகப் பிரித்தபோது: பேட்டரி முதல் ஃபியூஸுக்கு அப்புறம் வரை 0.08, அங்கிருந்து கீ செட் கப்ளர் வரை 0.06, கப்ளரும் கீ செட்டும் சேர்ந்து 0.91, கில் சுவிட்சில் (ஹாண்டிலில் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்) 0.07, கில் சுவிட்சிலிருந்து சிடிஐ வரை 0.18. எர்த் பக்கம் தனியாக, சிடிஐ-யின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.04. ஓர் இணைப்பில் 0.2-க்கு மேல், எர்த் பக்கம் மொத்தம் 0.1-க்கு மேல் போனால் கை வைக்கலாம் என்பது நடைமுறை அளவு.

0.91-இல் பெரும்பகுதி கப்ளரில்தான் இருந்தது. பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பேறி, பெண் டெர்மினல் நெகிழ்ந்து, உள்ளே பச்சைக் களிம்பு. கான்டாக்ட் கிளீனர் அடித்து, டெர்மினலை வெளியே எடுத்துச் சின்னக் குறடால் இம்மியளவு நெருக்கி மாட்டியதும் மொத்தமாக விழும் வோல்ட் 0.45-க்கு இறங்கியது.

இங்கே மகிழ்ந்து நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் 1.3 வோல்ட் குறைந்ததற்காக மட்டும் டிசி சிடிஐ மிஸ் அடிக்காது. உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் அந்தக் குறைவைத் தாங்கி வேலை செய்யும். இல்லாவிட்டால் பேட்டரி இறங்கியபோது கிக்கரில் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. களிம்பேறிய இணைப்பு குலுக்கலில் முழுசாக விட்டிருக்கலாம், அவ்வளவுதான். ஓட்டிப் பார்த்ததில் நேர்ச்சாலை வெட்டு குறைந்தது, ஹாண்டில் திருப்பும்போது வருவது அப்படியே இருந்தது.

இரண்டாவது சோதனை: ஆட்டிப் பிடித்தது

மீட்டருக்குப் பதில் எல்.இ.டி. ஒரு சிவப்பு எல்.இ.டி-யோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்தால் 12 வோல்ட்டில் சுமார் 10 மில்லி ஆம்பியரில் எரியும். இழை பல்புபோல ஆறக் காத்திராமல் உடனே அணைந்து எரியும், கண்ணுக்குத் துடிப்பு தெரியும். நெகட்டிவ் கால் பேட்டரி நெகட்டிவிலேயே இருக்க வேண்டும். ஃபிரேமில் மாட்டினால் ஃபிரேம் எர்த் குறையும் இதில் கலந்துவிடும்.

இரண்டு எல்.இ.டி. ஒன்று ஹெட்லைட் கூட்டுக்குள் கில் சுவிட்சிலிருந்து வெளியேறும் வயரில், மற்றொன்று சிடிஐ பின்னில். இன்ஜினை 1500-இல் விட்டு ஹாண்டிலை இடது கோடி வரை திருப்பியதும் சிடிஐ பக்கத்து எல்.இ.டி துடித்தது, இன்ஜின் தடுக்கியது. ஹெட்லைட் பக்கத்து எல்.இ.டி அசையாமல் எரிந்தது. முடிந்தது: குறை இந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில், ஃபோர்க் கழுத்தைத் தாண்டி வரும் அந்த ஒரே வயரில். முதல் சோதனையில் 0.18 வோல்ட் காட்டித் தேறிய அதே வயர்.

டேப்பைப் பிரிக்கும் முன் உறுதிசெய்துகொள்ள, 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு வயரை வெளியே வழியாக அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே இழுத்துக் கட்டி ஓட்டியது. ஹாண்டிலை எப்படி ஒடித்தாலும் வெட்டு இல்லை. எந்தப் பாகத்தையும் வாங்கும் முன் இந்த வெளி வயர் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பது எங்கள் கட்சி. பேட்டரியிலிருந்து நேராகச் சிடிஐ-க்குப் போட்டால் கீ செட், கில் சுவிட்ச், கழுத்து மூன்றும் ஒரே அடியில் கணக்கிலிருந்து விலகும். அப்படிப் போட்டால் சாவியில் இன்ஜின் நிற்காது, ஃபியூஸை உருவித்தான் நிறுத்த வேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பிளக் கேப்பை உருவி நிறுத்தும் பழக்கம் வேண்டாம். கையில் அடிக்கும், சிடிஐ-யும் போகலாம்.

வயரிங் செட்டின் டேப்பை வெட்டியபோது மேல்தோல் பார்வைக்கு முழுசாக இருந்தது. ஒவ்வொரு வயராக இரு கையால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தது. நல்ல வயர் நீளாது. உள்ளே செம்பு அறுந்த இடத்தில் பிளாஸ்டிக் ரப்பர்போல இழுபட்டு மெலியும். கழுத்துக்குச் சற்றுப் பின்னால், யாரோ இறுக்கிய கேபிள் டையை ஒட்டி அந்த வயர் மெலிந்தது. டை இறுக்கியதால் வளைவு முழுவதும் ஒரே புள்ளியில் விழுந்து, அங்கேயே இழைகள் களைத்து முறிந்திருக்கின்றன.

சரிசெய்தது

அறுந்த இடத்தின் இருபுறமும் செம்பு கறுத்திருந்த வரை வெட்டி எறிந்து, கழுத்தின் வளைவு தொடங்கும் முன்னிருந்து டாங்க் அடிவரை 0.75 சதுர மில்லிமீட்டர் புது வயர். கழுத்துக்குள் இணைப்பே வரக் கூடாது. ஈயம் வைத்தால் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில் சில மாதத்தில் மறுபடி முறியும். ஆடாத இடத்தில் ஈயம் வைக்கலாம். இங்கே கிரிம்ப் ஸ்லீவ் (நசுக்கிப் பிடிக்கும் உலோகக் குழல்) போட்டு, உட்புறம் பசையுள்ள சுருங்கு குழாய். பக்கத்து வயர் ஒன்றிலும் தோல் நசுங்கியிருந்ததால் அதற்கும் ஓர் இணைப்பு. இரண்டு இணைப்பும் ஒரே இடத்தில் புடைக்காமல் மூன்று சென்டிமீட்டர் தள்ளி. பி.வி.சி. இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை ஒழுகிப் பிசுபிசுக்கும், அதனால் துணி டேப். கழுத்தில் ஹாண்டிலை இரு கோடிக்கும் திருப்பி, வயரிங் செட் இழுபடாத அளவு தொய்வு விட்டு, டையைத் தளர்வாகக் கட்டியது.

பேட்டரியை நம்பாமல் மேக்னெட் காயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஏசி சிடிஐ வண்டிகளில் கதை தலைகீழ். அங்கே கில் வயர் எர்த்தைத் தொட்டால் இன்ஜின் நிற்கும். எனவே அறுந்த வயரைத் தேடக் கூடாது, தோல் தேய்ந்து ஃபிரேமில் உரசும் வயரைத் தேட வேண்டும். ஹோண்டா வழி வயரிங்கில் இது கறுப்பில் வெள்ளைக் கோடு, பச்சை எர்த். சிடிஐ பக்கத்தில் அந்தக் கறுப்பு-வெள்ளை வயரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் ஒரே சோதனையில் விடை வரும்; நிறுத்த கியரில் போட்டு கிளட்சை விட்டு அணைக்க வேண்டும்.

சூடானபின் மட்டும் மிஸ் அடித்தால் பல்சர் காயிலைச் சந்தேகிப்பது நியாயம். ஆனால் சூட்டில் ஓம் ஏறுவதைப் பார்த்தே காயிலைத் தூக்கிப் போடக் கூடாது. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும்; 30 டிகிரியில் 200 ஓம் காட்டும் காயில் 100 டிகிரியில் 255 காட்டினால் அது இயல்பு. எண் திடீரென்று குதித்தாலோ, முடிவிலிக்குப் போனாலோதான் உள்ளே அறுந்திருக்கிறது. தலைமுடி உலர்த்தியால் சூடாக்கிக்கொண்டே அளந்தால் தெரிந்துவிடும். இந்த வண்டியில் சீராக ஏறிச் சீராக இறங்கியது.

பிளக் கேப்பைத் திருகி எடுத்தபோது ஹைடென்ஷன் வயர் முனை கறுத்திருந்தது. ஐந்து மில்லிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகியது. இக்னிஷன் காயில் போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, மேலே கிரீஸ் தடவியதில் எர்த் பக்கம் 0.04-லிருந்து 0.02 ஆயிற்று.

வேலைக்குப் பிறகு அதே சுமையில் பாசிட்டிவ் பக்கம் மொத்தம் 0.36 வோல்ட். அதில் ஒரு பங்கு கீ செட்டின் உள் தகடுகளில் விழுகிறது. சாவிக்கொத்தின் கனத்தில் தேய்ந்தது, மாற்றும் காலம் தூரமில்லை. சிடிஐ பின்னில் இருந்த எல்.இ.டி-யை எடுக்காமல் அதன் வயரை நீட்டி ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி, இருட்டிய பின் குழி விழுந்த சாலையில் ஓட்டியது. ஒரு துடிப்பும் இல்லை. பாக்கி இருப்பது பல்சர் காயில் கப்ளர். செயின் கவருக்கு மேலே திறந்து கிடக்கிறது, அடுத்த மழைக்குள் ரப்பர் உறை போட்டு உள்ளே டைஎலக்ட்ரிக் கிரீஸ் நிரப்ப வேண்டும்.